பத்து வயது, ஒன்றேகால் மீட்டர்

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் ஒரு கணக்கெடுப்பு உண்டு. அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, நிற்கவைத்து, உயரம் அளந்து எழுதிக்கொள்வார்கள். 1986, 2001, 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் நடத்தியிருக்கிறார்கள். முதல் தடவை அளந்தபோது பாதிப் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 2015இல்கூட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படித்தான். பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் வருகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் ஓர் அரசாங்கம் எலும்பை அளந்து பார்க்கிறது என்றால் விவகாரம் பழையதாகத்தான் இருக்க வேண்டும்.

அது நாட்டின் சராசரி. மாயா மக்கள் நெருக்கமாக வாழும் மேற்கு மலைப்பகுதியில் கணக்கு இன்னும் மோசம். 2014-15இல் எடுத்த தேசியத் தாய்சேய் நல ஆய்வின்படி நாடு முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியவர்கள். தோத்தோனிகபான் மாவட்டத்தில் மட்டும் அது 70 சதவீதம். ஷேலாவில் ஸ்பானிஷ் படிக்கப் போயிருந்த சமயத்தில் அந்த மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், மாயா மக்களில் ஒரு பிரிவான கிச்சே குடும்பம் ஒன்றோடு கொஞ்ச காலம் தங்கியிருந்தேன். (வரைபடத்தில் கெட்சால்தெனாங்கோ என்று இருக்கும். பஸ்ஸில் அப்படிக் கேட்டால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடும்.) கிராமத்தின் பெயர் வேண்டாம். 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சுற்றிலும் பைன் காடு, டிசம்பரில் விடியும்போது புல்லெல்லாம் உறைபனி.

வீட்டில் பாட்டி, அப்பா, அம்மா, பத்து வயதுப் பெண், ஏழு வயதுப் பையன், ஒன்றரை வயதுக் கைக்குழந்தை. மூத்த பையன் அமெரிக்காவில். நான் எழுதப்போவது அந்தப் பத்து வயதுக்காரியைப் பற்றி. கதவு நிலையில் அவள் உயரத்துக்கு அப்பா கரியால் ஒரு கோடு போட்டிருந்தார், தரையிலிருந்து சரியாக ஒன்றேகால் மீட்டர். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அந்த வயதுப் பெண்ணுக்கு நடுமதிப்பு 138 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

அவள் எழுந்திருக்கும்போது மணி நாலரை இருக்கும். முதலில் அடுப்பு. ஒகோத்தே இல்லாமல் அங்கே எந்த வீட்டிலும் அடுப்பு பிடிக்காது. பிசின் ஊறிய பைன் கட்டையைக் குச்சி குச்சியாகப் பிளந்து, சந்தையில் சின்னச் சின்னக் கட்டாக விற்கிறார்கள். ஈர விறகையும் பற்றவைத்துவிடும், கூடவே கண்ணைக் கரிக்கும் கறுப்புப் புகை. அப்புறம் மக்காச்சோளம். முந்தின ராத்திரியே சுண்ணாம்பு போட்டு வேகவைத்து ஊறவிட்டிருப்பார்கள். அதைப் பீலாவில் அலச வேண்டும். பீலா என்பது முற்றத்துச் சிமெண்ட் தொட்டி. நடுவில் தண்ணீர் சேர்த்துவைக்க ஆழமான குழி, பக்கத்தில் துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் சரிவான மேடை. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அதுவும் சில மணி நேரம். விடியற்காலைக் குளிரில் அந்தத் தண்ணீருக்குள் முழங்கைவரை விட்டு, தோல் கழன்று சோளம் வழுக்கும்வரை அலசிக்கொண்டே இருப்பாள்.

அலசிய சோளத்தை வாளியில் போட்டு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். நான் சில நாள் கூடப் போனேன். ஐந்து மணிக்கே வரிசை, முழுக்கப் பெண்களும் பெண்பிள்ளைகளும். பாட்டி காலத்தில் மில் ஏது? மண்டியிட்டுக் கல்லில் அரைத்திருக்கிறார்கள், விடிவதற்கு முன்னால் தொடங்கினால் வெயில் ஏறும்வரை. பாட்டிக்கு ஸ்பானிஷ் வராது. அவர் கிச்சேயில் சொல்வதைப் பேத்திதான் எனக்கு ஸ்பானிஷில் சொல்வாள். சுகாதார நிலையத்துக்குப் போனாலும் பாட்டிக்கும் நர்சுக்கும் நடுவில் நிற்பது அவள்தான். அந்த ஊரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததற்கு எந்த மந்திரியின் திட்டத்தையும்விட அந்த அரவை இயந்திரத்துக்குத்தான் நான் முதல் நன்றி சொல்வேன்.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் சத்து நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாத விதத்தில் கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்பு நீரில் வெந்தால்தான் விடுபடும். கொலம்பஸுக்குப் பிறகு சோளத்தை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பாவில், வட இத்தாலி ஏழைகளுக்குப் பெல்லக்ரா என்ற நியாசின் குறைபாட்டு நோய் வந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலித்து, ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சோளத்தையே மூன்று வேளையும் தின்ற மாயாக்காரர்கள் தப்பித்தார்கள். சுண்ணாம்பில் கால்சியமும் சேர்ந்து ஏறுகிறது. ஆகவே இந்தப் பெண்ணின் உயரக் குறைவுக்குப் பழைய சமையல் முறையைக் குற்றம் சொல்ல வழியில்லை. தட்டில் அதைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஆறு மணிக்கு அம்மாவும் மகளும் கோமாலுக்கு எதிரே உட்காருவார்கள். அது அடுப்பின் மேல் வைத்த வட்ட மண்தட்டு. மாவை உருட்டி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தட்டித் தட்டித் தொர்த்தியா என்ற ரொட்டி ஆக்குவது. அந்தத் தட்டும் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். கைக்குழந்தை அம்மாவின் முதுகில் துணியில் கட்டப்பட்டு, அடுப்புப் புகைக்கு நேராகத் தூங்கும்.

இந்தப் புகையைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. கிர்க் ஸ்மித் என்ற விஞ்ஞானியின் குழு, அருகிலுள்ள சான் மார்கோஸ் மாவட்டத்தில், மாம் மொழி பேசும் மாயா வீடுகள் ஐந்நூற்றுச் சொச்சத்தைத் தேர்ந்தெடுத்து, பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பைக் கட்டிக்கொடுத்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2011இல் முடிவு வந்தது. சரி, புகைபோக்கிக்கே இவ்வளவு என்றால் கேஸ் அடுப்பே கொடுத்துவிட்டால்? அதையும் செய்து பார்த்தார்கள். நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிப் பெண்கள், பாதிப் பேருக்கு அடுப்பும் சிலிண்டரும் இலவசம். குவாத்தமாலாவில் ஹலாப்பா மாவட்டம், பெருவில் புனோ, ருவாண்டாவில் ஒரு பகுதி, நான்காவது இடம் நம் விழுப்புரமும் நாகப்பட்டினமும். புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் வித்தியாசம் இல்லை என்று 2022இலும், ஒரு வயதில் உயரத்திலும் வித்தியாசம் இல்லை என்று 2024இலும் முடிவுகள் வெளியாயின. அதற்காகப் புகை நல்லது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த அம்மாவின் இருமலைக் கேட்டவன் நான். ஒரே ஒரு கெடுதலை எடுத்துவிட்டால் பிள்ளை வளர்ந்துவிடும் என்ற கணக்குதான் அங்கே பலிக்கவில்லை.

பள்ளிக்கூடம் ஏழரைக்கு. ஜனவரி நடுவில் தொடங்கி அக்டோபரில் முடியும் கல்வியாண்டு, பன்னிரண்டரைக்கு வீடு. ஆசிரியை கிச்சே தெரிந்தவர்தான், சின்ன வகுப்புகளுக்குக் கிச்சேயில் பாடம் சொல்வார். ஐந்தாம் வகுப்பு வரும்போது எல்லாம் ஸ்பானிஷ் ஆகிவிடுகிறது. குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் 22 என்று அரசே அங்கீகரித்திருக்கிறது, 2003இல் சட்டமும் போட்டது. சட்டம் ஐந்தாம் வகுப்புக் கரும்பலகைவரை நடந்துவரவில்லை.

பத்து மணிச் சாப்பாடுதான் பள்ளிக்கூடத்தின் உயிர். 2017இல் வந்த பள்ளி உணவுச் சட்டத்துக்குப் பிறகு பணம் பெற்றோர் அமைப்பின் கணக்கில் வருகிறது. அவர்களே வாங்கி, அம்மாக்கள் முறைவைத்துச் சமைக்கிறார்கள். கஞ்சி, அவரைக்குழம்பு, சோறு, சில நாள் முட்டை. தனக்குக் கொடுத்த முட்டையை அவள் பாதி தின்றுவிட்டு, மிச்சத்தைத் தொர்த்தியாவில் சுருட்டித் தம்பிக்குக் கொடுப்பாள். அவன் அதே பள்ளியில்தான் படிக்கிறான், அவனுக்கும் ஒரு முட்டை தனியாக உண்டு. இருந்தாலும் கொடுப்பாள்.

மதியம் வந்ததும் பையில் இருக்கும் நோட்டு ஒரு மூலைக்குப் போகும். கைக்குழந்தை அம்மாவின் முதுகிலிருந்து இவள் முதுகுக்கு மாறும். முதுகில் குழந்தையோடே கோழிக்குத் தீனி போடுவாள், பாத்திரம் தேய்ப்பாள், தெருவில் கோலிகுண்டு ஆடும் பையன்களோடு சண்டையும் போடுவாள். அப்பாவுக்கு வீட்டிலேயே காலால் மிதித்து ஓட்டும் மரத்தறி. பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பாவாடைத் துணி நெய்கிறார். வெள்ளிக்கிழமை சான் பிரான்சிஸ்கோ எல் ஆல்த்தோ சந்தையில் விற்கும். அவருக்குத் தார் சுற்றிக் கொடுப்பது பிள்ளைகள் வேலை. பையன் பத்து நிமிஷத்தில் நூலைச் சிக்கலாக்கிவிட்டு ஓடிப்போவான், அவள் உட்கார்ந்து பிரிப்பாள்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் விறகு. நெற்றியில் தோல்பட்டை மாட்டி, அதன் கயிற்றில் சுமையைக் கட்டி முதுகில் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். மெகபால் என்று பெயர். கழுத்து எலும்பு என்ன ஆகும் என்று எனக்குப் பயம். அவள் ஏற்றத்தில் என்னைவிட வேகமாக நடந்தாள்.

அந்தக் காடு ஊர்ப் பொதுக்காடு. தோத்தோனிகபான் நகராட்சி முழுக்க, 48 கந்தோன்கள் என்று ஊர்ச்சபைகளின் கூட்டமைப்பு ஒன்று காட்டையும் ஊற்றுகளையும் காக்கிறது. பொறுப்புக்கு வருகிறவர் ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் ஊருக்கு உழைக்க வேண்டும். பச்சை மரத்தை வெட்டினால் விட மாட்டார்கள். 2012 அக்டோபரில் மின்கட்டணத்தையும் வேறு சிலவற்றையும் எதிர்த்து இவர்கள் நெடுஞ்சாலையை மறித்தபோது ராணுவம் சுட்டு ஆறு பேர் செத்தார்கள். 2023இல் அதிபர் தேர்தலில் ஜெயித்த பெர்னார்தோ அரேவலோவைப் பதவியேற்க விடாமல் தடுக்கப் பார்த்தபோது நாடு தழுவிய மறியலுக்கு முன்னால் நின்றதும் இதே சபைகள். ஏழைகள் என்றதும் கையேந்தி நிற்கிற கூட்டம் என்று நினைத்துக்கொள்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

என் ஸ்பானிஷ் வகுப்பில் இருந்த ஐரோப்பியர்களுக்கு இந்தப் பெண்ணின் வேலைகளைச் சொன்னால் உடனே முகம் வாடும். குழந்தைத் தொழிலாளி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடற்கரைப் பக்கத்துத் தோட்டங்களில் காப்பி பறிக்கக் குடும்பத்தோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போகப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அது வேறு. பள்ளி விடுமுறையும் காப்பி அறுவடையும் ஒரே மாதங்களில் வருவதால் யாரும் கேட்பதில்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வீட்டு வேலை விஷயம் தனி. பார்பரா ரோகாஃப் என்ற உளவியலாளர் 1970களிலிருந்து அதித்லான் ஏரிக்கரையின் சான் பெத்ரோ கிராமத்து மாயாப் பிள்ளைகளைக் கவனித்துவந்தவர். அவரும் ஒரு மாணவியும் 2009இல் எழுதிய ஆய்வு ஒன்று: ஒரு குழந்தைக்குப் பொம்மை செய்யச் சொல்லிக்கொடுக்கும்போது பக்கத்தில் சும்மா காத்திருக்கும் குழந்தை என்ன செய்கிறது? அமெரிக்க நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, தன் முறை எப்போது என்று நச்சரித்தார்கள். மாயாப் பிள்ளைகள் கூர்ந்து பார்த்தார்கள், பின்னால் அதே பொம்மையைக் கொடுத்தபோது குறைந்த உதவியோடு செய்துமுடித்தார்கள். தாய் அதிகம் பள்ளிக்கூடம் போன மாயாக் குடும்பங்களில் இந்தப் பழக்கம் குறைவு என்பது அதில் எனக்குச் சங்கடம் தந்த பகுதி. பள்ளிக்கூடமும் வேண்டும் என்கிறேன், அது எதையோ தின்றும்விடுகிறது.

ஆக, அவளைக் குட்டையாக்கியது வாளியும் விறகும் இல்லை என்பது என் எண்ணம். ராத்திரித் தட்டைப் பாருங்கள். தொர்த்தியா எத்தனை வேண்டுமானாலும். உப்பு, மிளகாய். பால் இல்லாத, தண்ணீராகப் போட்ட காப்பி, நிறையச் சர்க்கரையோடு. கைக்குழந்தைக்கும் அதே காப்பிதான் பாட்டிலில். அவரை வாரத்துக்கு நாலு நாள். சோளத்தில் குறைவாக இருக்கும் லைசின் அவரையில் உண்டு, இரண்டும் சேர்ந்தால் புரதக் கணக்கு நேராகும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அவரையின் விலை பாடப்புத்தகத்தில் இல்லை. கீரை உண்டு. மக்குய் என்று அவர்கள் வயல் வரப்பில் பறிப்பது நம் மணத்தக்காளியின் நெருங்கிய சொந்தம். அதைச் சாப்பிட்ட அன்றைக்குத்தான் எனக்கு வயிறு நிறைந்தது. கோழி நாலைந்து இருக்கிறது, ஆனால் முட்டை சந்தைக்குப் போய்விடும். சொந்தச் சோளம் மே, ஜூன் வாக்கில் தீர்ந்துவிடும், அடுத்த அறுவடை நவம்பருக்குப் பிறகு. நடு மாதங்களுக்குச் சோளம் வாங்கியாக வேண்டும், முட்டை அதற்கான காசு. முட்டை சாப்பிட்டால் பிள்ளை வளரும் என்று அந்த அம்மாவுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 2012இல் பசி பூஜ்யம் என்று ஒரு திட்டம், 2020இல் ஊட்டச்சத்துக்கான பெரும்போர் என்று ஒன்று. பெயர் வைப்பதில் குறையே வைத்ததில்லை அங்குள்ள அரசுகள்.

இன்னொன்று வயிற்றுப்போக்கு. சாந்தா மரியா கௌக்கே என்ற கக்சிகெல் மாயா கிராமத்தில் 1960களில் லியோனார்தோ மாத்தா என்ற நுண்ணுயிரியலாளர் குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் முதல் சில மாதங்கள் குழந்தைகள் நன்றாகவே எடை கூடினார்கள். அதன்பின் ஒரு காய்ச்சல், ஒரு பேதி, எடை நிற்கும், தேறுவதற்குள் அடுத்தது. உடம்பு நலிந்தால் நோய் தொற்றும், நோய் வந்தால் இன்னும் நலியும் என்ற வட்டத்தை அந்த வரைபடங்களில் பார்க்கலாம். இந்த வீட்டுக் கைக்குழந்தைக்கு நான் இருந்த காலத்திலேயே இரண்டு தடவை வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தண்ணீரில், தொட்டியில் தேங்கிய நீரில் வேறு எப்படி இருக்கும்? உயரக் குறைவு பெரும்பாலும் முதல் இரண்டு வயதுக்குள் முடிவாகிவிடுகிறது. அவளுடைய பள்ளி முட்டை வந்து சேர்ந்தது தாமதமாக.

நிலம் ஏன் சோளம் ஜூனுக்குள் தீர்ந்துபோகும் அளவுக்குச் சின்னது என்றால், கதை நீளம். அவர்களிடம் இருப்பது நாலு குவெர்தா. அளவு ஊருக்கு ஊர் மாறும், அங்கே ஒரு குவெர்தா சுமார் 11 சென்ட். தாத்தாவின் நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்ததில் வந்தது. மலைக்குக் கீழே நல்ல மண்ணெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காப்பித் தோட்டங்களாகிவிட்டது, அவற்றுக்கு ஆள் பிடிக்க 1877இல் அரசு விதியே போட்டது. 1934இல் சோம்பேறிச் சட்டம்: நிலமில்லாத மாயா ஆண் வருடத்தில் 150 நாள் தோட்ட வேலை செய்ததாகச் சீட்டில் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஜெயில். பாட்டியின் அப்பா அந்தச் சீட்டோடு நடந்தவர். 1952இல் அதிபர் அர்பென்ஸின் அரசு நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. இரண்டே வருடத்தில் அமெரிக்கா உதவியோடு அந்த அரசைக் கவிழ்த்தார்கள். அப்புறம் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர், இரண்டு லட்சம் பேர் சாவு அல்லது காணாமல் போனவர்கள், அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயாக்கள்.

அந்தப் போரில் தப்பித்துப் புளோரிடாவின் இண்டியன்டவுனுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் ஓடிப்போன மாயாக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பாரி போகின் என்ற மானுடவியலாளர் அளந்தார். 2000இல் அளந்தபோது ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள அந்தப் பிள்ளைகள் குவாத்தமாலாவில் இருக்கும் மாயாப் பிள்ளைகளைவிடச் சராசரியாக 11.5 சென்டிமீட்டர் உயரம். அதில் ஏழு சென்டிமீட்டர் காலில் மட்டும் கூடியது. ஒரே தலைமுறையில். ஷேலாவில் படித்த மனிதர்கள் வாயிலிருந்தே 'அவர்கள் இனமே அப்படி, குள்ளம்' என்று கேட்டிருக்கிறேன். இந்த எண்ணுக்குப் பிறகு அப்படிப் பேசுவதற்கு வேறு காரணம்தான் இருக்க முடியும். எல்லாமே நல்லதாகிவிட்டது என்றும் இல்லை. அங்கே வளர்ந்த அந்தப் பிள்ளைகளில் கணிசமானோருக்கு எடை அதிகம்.

ஆனால் அங்கே போகும் வழி எல்லாரையும் சேர்ப்பதில்லை. 2018 டிசம்பரில் ஏழு வயதுக் கெக்சி மாயாச் சிறுமி ஒருத்தி அமெரிக்க எல்லையைத் தாண்டிப் பிடிபட்டு, காவலில் இருந்தபோது உடல்நிலை மோசமாகி இறந்தாள். அதே மாதம் எட்டு வயது சுஹ் மாயாப் பையன் ஒருவன். இந்த வீட்டு மூத்தவன் அதற்கு அடுத்த வருடம் போனான், பதினாறு வயதில். ஆள் கடத்துகிறவருக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணத்துக்கு அடமானம், அந்த நாலு குவெர்தாவில் இரண்டு.

அவள் அடுத்த ஜனவரியில் ஆறாம் வகுப்பு. அதோடு ஊர்ப் பள்ளி முடிகிறது. ஏழாவதுக்கு டவுனுக்குப் போக வேண்டும், தினமும் பஸ். போவாயா என்று கேட்டேன். போவேன், டீச்சர் ஆவேன் என்றாள், சொல்லிவிட்டுத் தம்பி சிக்கலாக்கிய நூலை மறுபடி பிரிக்க ஆரம்பித்தாள். அப்பாவிடம் தனியாகக் கேட்டேன். தறியை நிறுத்தாமலே சொன்னார்: மூத்தவன் அனுப்புகிற பணத்தில் முதலில் வட்டி, அப்புறம் சோளம், அப்புறம் அம்மாவின் மருந்து. பஸ் காசு நாலாவது. இந்த வருடம் இதுவரை மூன்றாவதுவரைதான் வந்திருக்கிறது என்றார்.